பதினோராம் வசனத்துக்கு முன்னால்

1989ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜேர்மனியின் வடபகுதியில் ஒரு முகாமில் இருந்தேன். பழைய பாடசாலைக் கட்டிடமொன்றை அகதிகளுக்கென்று மாற்றியிருந்தார்கள். எமக்கு அடுத்த அறையில் மானிப்பாய்ப் பக்கத்து அக்கா ஒருவர் இரண்டு பிள்ளைகளுடன் இருந்தார். அவருடைய கதவின் உட்புறத்தில் ஒரு கலண்டர் தொங்கும். தமிழ்நாட்டில் அச்சடித்தது, நாளுக்கொரு தாள், தாளுக்கொரு பைபிள் வசனம். காலையில் தாளைக் கிழித்து வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கப் பொதுச் சமையலறைக்கு வருவார். கிழித்த தாள்கள் எல்லாவற்றையும் அவர் எறிவதில்லை. மனதுக்குப் பிடித்தவற்றைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவைப்பார். அவற்றின் நடுவில் இருந்தது எரேமியா 29ஆம் அதிகாரம், பதினோராம் வசனம்.

தம்முடைய சனத்தைக் குறித்துத் தாம் கொண்டிருக்கும் நினைப்புகள் கெடுதிக்கானவையல்ல என்றும், அவர்கள் காத்திருக்கிற முடிவைத் தாம் தரப்போவதாகவும் கடவுள் சொல்லும் வசனம் அது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இதைத் தெரியாதவர் இல்லை. கலியாண அட்டையில், கோப்பையில், காரின் பின் கண்ணாடியில், செத்தவீட்டு நினைவு மலரில் எல்லாம் இதைக் கண்டிருக்கிறேன்.

முடிவு. இந்தச் சொல்லை முகாமில் இருந்தவனாக நினைத்துப் பார்க்கிறேன். ஒருவரையொருவர் கண்டால் நாம் கேட்ட முதற் கேள்வி 'முடிவு வந்ததா' என்பதுதான். அகதி விண்ணப்பத்துக்கு அரசு தரும் பதிலுக்கு எமக்கிருந்த பெயர் அதுவே. அக்கா ஒருநாள் சட்டியைக் கழுவியபடி சொன்னார்: "முடிவு தருவன் எண்டு அவரே சொல்லிப்போட்டார் தம்பி. இனி இவங்கள் என்ன சொல்லுறது?" அவர் ஜேர்மன் வகுப்புக்கு வரவில்லை. சூட்கேசுகளைக் கட்டிலுக்குக் கீழே பூட்டியபடியே வைத்திருந்தார். முடிவு வந்தபிறகு பார்க்கலாம் என்பது அவருடைய நிலை. அந்த வசனம் அவரை ஏமாற்றிவிட்டது என்றே நான் நீண்டகாலம் நினைத்திருந்தேன்.

இலக்கியச் சஞ்சிகையில் வேதாகமப் பாடமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கவிதைத் தொகுப்பு முந்நூறு பிரதி விற்றால் மகிழும் சமூகம் எம்முடையது. அதே சமூகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் காலையில் தவறாது வாசிக்கும் ஒரே தமிழ் எழுத்து இந்தக் கலண்டர்த் தாள்தான். வேலைக்கு ஓடும் முன் வாசிப்பது. அன்றைய நாளைத் தாங்குவதற்கென்று வாசிப்பது. இத்தனை பேர் இத்தனை தேவையோடு வாசிக்கும் ஒரு வடிவத்தை விமர்சகன் பாராமல் போவது, எனக்கென்னவோ, வெறும் மேட்டிமைத்தனமாகவே படுகிறது.

முதலில் மொழிபெயர்ப்பு. எம்முடைய வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் பைபிள் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் முழுமையாக வெளிவந்த பதிப்பின் வழிவந்தது. அதில்தான் இந்த 'முடிவு' இருக்கிறது. எபிரேய மூலத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. அஹரித் என்றால் பின்னால் வருவது. திக்வா என்றால் நம்பிக்கை. (யோசுவாவின் புத்தகத்தில் ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் இதே திக்வா என்ற சொல்தான் வருகிறது. நம்பிக்கையும் கயிறும் ஒரே சொல்லாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.) 'பின்வரும் காலமும் நம்பிக்கையும்' என்று இருந்திருக்க வேண்டியது 'காத்திருக்கும் முடிவு' ஆகிவிட்டது. தமிழர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பழைய ஆங்கில பைபிளும் லூதரின் ஜேர்மன் பைபிளும் இதே வழியில்தான் போயின; லூதர் பைபிளில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இது 'எதிர்காலமும் நம்பிக்கையும்' ஆனது. தமிழில் 1995இல் வந்த திருவிவிலியம் அதற்கு முன்பே சரியாகச் செய்துவிட்டது. ஆனால் கலண்டர் அச்சடிப்பவர்கள் பழையதை விடுவதாயில்லை.

வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். எதிர்காலம் என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் காத்திருக்கும் முடிவு என்னவென்றோ எனக்கு நன்றாகத் தெரியும்: விசா, வீடு, மகளுக்கு வரன், ஊர். கடவுள் என்னுடைய பட்டியலில் கையெழுத்திடுகிறார் என்று பழைய தமிழ் வசனத்தை வாசித்துவிட இடமுண்டு.

இரண்டாவது, அந்த 'உங்கள்'. பழைய தமிழ் பைபிளில் கடவுள் ஒரு தனி மனிதரோடு பேசும்போது நீ என்றே பேசுகிறார். ஆபிரகாமும் மோசேயும்கூட 'நீ'தான். ஆகவே இங்கே வரும் பன்மை உண்மையான பன்மை, ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. ஆனால் யாழ்ப்பாணத்துக் காதுக்கு நீங்கள் என்பது மரியாதைச் சொல். தனித் தாளில் வாசிக்கும் அக்காவுக்குக் கடவுள் அவரை மரியாதையாக அழைத்து அவர் ஒருவருடன் மட்டும் கதைப்பது போலவே கேட்கும். அகதிக் கந்தோரில் ஒருவரும் அவரை மரியாதையாக அழைக்காத காலத்தில் அதன் இனிமை எவ்வளவு என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் இது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி. கடிதம் என்றால் எழுதியவர், கொண்டுபோனவர், பெற்றவர் என்று இருப்பார்கள். கிறிஸ்துவுக்கு முன் 597இல் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்து அரசன் எகொனியாவையும், தாயையும், பிரதானிகளையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களையும் படித்தவர்களையும் அள்ளிக்கொண்டு போவது அன்றைய பேரரசுகளின் வழக்கம். எருசலேமில் எஞ்சியிருந்த எரேமியா அவர்களுக்குக் கடிதம் எழுதினார். சிதேக்கியா அரசன் நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய எலெயாசா, கெமரியா என்ற இரு தூதர்களின் கையில் அது போனது. ஊரிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம்! இந்த அதிகாரத்தை எம்மைவிட நன்றாக வாசிக்கத் தகுதியான சனம் உலகத்தில் அதிகமில்லை.

அக்கடிதம் ஏன் எழுதப்பட்டது என்பதை அறிய முந்திய அதிகாரத்தைப் பார்க்கவேண்டும். அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் சனத்தின் முன்னால் நின்று, இரண்டு வருசத்துக்குள் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள், ஆலயத்தின் பாத்திரங்களும் வரும் என்று கடவுளின் பேரால் அறிவித்தான். எரேமியா அப்போது கழுத்தில் மரநுகம் போட்டுக்கொண்டு திரிந்தவர். அனனியா அதைக் கழற்றி எல்லோரும் பார்க்க உடைத்தான். சனத்துக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும்! எரேமியாவின் முதற் பதில் என்ன தெரியுமா? ஆமென். அப்படியே ஆகட்டும், கடவுள் உன் வார்த்தையை நிறைவேற்றட்டும் என்றார். அவரும் அதைத்தான் விரும்பினார். பிறகு சில வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டார். இரும்பு நுகத்தைப் பற்றிய கடும் பதில் பின்னால்தான் வருகிறது. கெட்ட செய்தி சொல்லவேண்டிய ஒருவன் முதலில் நல்ல செய்திக்கு ஆமென் சொல்லி நிற்கும் அந்தக் கணத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன்.

இரண்டு வருசம். நாங்களும் அதைத்தானே சொன்னோம்? 1984இல் வந்தவரும் இரண்டு வருசம் என்றார், 1990இல் வந்தவரும் இரண்டு வருசம் என்றார். அடுத்த பொங்கல் ஊரில் என்று மேடையிலும் கேட்டோம், தேவாலயத்திலும் கேட்டோம். அனனியாக்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் தாம் சொன்னதை நம்பினார்கள், நாமும் கைதட்டினோம்.

இந்த இரண்டு வருசத்துக்கு எதிராக எழுதப்பட்டதே எரேமியாவின் கடிதம். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் வையுங்கள், அதில் விளைவதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், குறைந்துபோகாமல் பெருகுங்கள் என்று தொடங்குகிறது. அடுத்தது இன்னும் கடினம்: நீங்கள் கொண்டுபோகப்பட்ட நகரத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காகச் செபம் பண்ணுங்கள், அது நன்றாயிருந்தால்தான் உங்களுக்கும் நன்மை. பத்தாம் வசனத்தில் கணக்கு வருகிறது: எழுபது வருசம். அதற்குப் பிறகுதான் அக்காவின் சுவரில் இருந்த பதினோராம் வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிய வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஒருவருமே உயிரோடு திரும்பமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த ஆறுதல் சொல்லப்படுகிறது. பத்தை மறைத்துப் பதினொன்றைக் கொடுக்கும் கலண்டர், எரேமியாவின் வாயில் அனனியாவின் சொல்லைப் போட்டுவிடுகிறது.

அந்த நகரத்துக்காகச் செபிப்பது என்றால் என்னவென்று எமக்குக் கொஞ்சம் தெரியும். 1992 ஓகஸ்டில் ரொஸ்ரொக் நகரின் லிக்ரன்ஹாகனில் வெளிநாட்டவர் இருந்த கட்டிடத்துக்குத் தீ வைத்தபோது கூடிநின்றவர்கள் கைதட்டினார்கள். நவம்பரில் மொல்னில் துருக்கியக் குடும்பமொன்றில் மூவர் எரிந்து இறந்தனர். 1993 மேயில் சோலிங்கனில் ஐவர். அந்த மாதங்களில் நாம் முறை வைத்து இரவில் விழித்திருந்தோம், சன்னலுக்குக் கீழே வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். அன்றைக்கு யாராவது எனக்கு ஏழாம் வசனத்தைக் காட்டியிருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன். இன்றைக்கும் அது எளிதாக இல்லை. ஆனால் மெழுகுவர்த்தியுடன் தெருவில் வரிசையாக நின்ற ஜேர்மனியரும் அந்த நகரங்களில்தான் இருந்தார்கள் என்பதை அந்த வசனம் எனக்குப் பிறகு நினைவூட்டியது.

எரேமியாவுக்கு இதனால் கிடைத்த பெயர் என்ன? எதிரியிடம் ஓடுகிறவன் என்று பென்யமீன் வாசலில் வைத்துப் பிடித்தார்கள். சேறு நிறைந்த துரவில் கயிறு கட்டி இறக்கினார்கள். பாபிலோனில் இருந்த செமாயா என்ற ஒருவன், இங்கே நெடுங்காலம் இருக்கப்போகிறோம் என்று எழுதும் இந்த மனிதனை ஏன் இன்னும் விலங்கில் போடவில்லை என்று எருசலேமின் ஆசாரியனுக்கு முறைப்பாடு எழுதினான். சுருக்கமாகச் சொன்னால், துரோகி. அந்தச் சொல்லின் பாரத்தை இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால் தினமும் ஒரு வசனம் வாசிப்பதே பிழை என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். அந்த வழக்கத்தின் மிகப் பழைய வடிவமொன்று அகதிக் குடியிருப்பில் தோன்றியது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. மொராவியாவில் மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்டு எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள், 1722இல் சக்சனியில் சின்சென்டோர்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை அமைத்தார்கள். 1728இல் அங்கே நாளுக்கொரு வாக்கியம் சொல்லும் வழக்கம் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று அதை வாயால் சொன்னார்கள். 1731ஆம் ஆண்டுக்கானது முதன்முதலாக அச்சில் வந்தது. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் பழைய ஏற்பாட்டின் ஏறத்தாழ 1800 வசனங்களிலிருந்து சீட்டெடுத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றைக் குறிக்கிறார்கள். புதிய ஏற்பாட்டு வசனத்தை அதற்குப் பொருத்தமாக ஆள் தெரிவுசெய்கிறார். வருசப் பிறப்பு இரவில் எம்மவர் சபைகளில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்துக்கு இது தூரத்து உறவு போலத் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம். ஹெர்ன்ஹூட்டில் அன்றைய வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான். எம்மிடம் ஆளுக்கொரு அட்டை. நல்லது வராவிட்டால் இன்னொன்று எடுக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

ஹெர்ன்ஹூட் வசனங்களை நாள்தோறும் வாசித்தவர்களில் ஒருவர் டீட்ரிஷ் பொன்ஹோபர். 1939இல் நாசிகளிடமிருந்து தப்பி நியூயோர்க்கில் பாதுகாப்பாக இருந்தார். யூன் 26ஆம் திகதி, தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில், மாரிக்கு முன் வந்துசேரும்படி பவுல் கேட்கும் இடம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. சிறையிலிருக்கும் ஒரு கிழவர் தன் இளம் நண்பனைக் கூப்பிடும் சாதாரண வரி. அது தனக்குச் சொல்லப்பட்டதல்ல என்பது இறையியலாளரான அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே அதைத் தன்மேல் எடுத்தார். அப்படி எடுப்பது வேதத்தைத் துர்ப்பிரயோகம் செய்வதாகாது என்ற கருத்தில் நாட்குறிப்பிலும் எழுதினார். யூலையில் கப்பலேறி ஜேர்மனிக்குத் திரும்பினார். 1943இல் சிறை. 1945 ஏப்பிரல் 8ஆம் திகதி ஞாயிறு, உடனிருந்த கைதிகளுக்கு அன்றைய நாளின் வசனங்களை வைத்தே பேசினார். மறுநாள் புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஆகவே துண்டு வசனம் ஒருவனோடு பேசாது என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அது அவரை எங்கே அனுப்பியது என்றும் பார்க்கவேண்டும். காத்திருந்ததை அது கொடுக்கவில்லை. பாதுகாப்பிலிருந்து கிளப்பி ஆபத்துக்குள் அனுப்பியது.

(வசனத்தைத் துண்டாக்கி வாக்குத்தத்தமாக நீட்டும் முறைக்கு பைபிளுக்குள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. மத்தேயு நான்காம் அதிகாரத்தில், ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி 91ஆம் சங்கீதத்தைக் காட்டிக் குதிக்கச் சொல்பவர் யாரென்று பாருங்கள்.)

கலண்டரில் வராதவற்றைப் பற்றியும் ஒரு சொல். 88ஆம் சங்கீதத்தை எந்தக் கலண்டரிலும் நான் கண்டதில்லை. மற்றைய புலம்பல் சங்கீதங்கள் எப்படித் தொடங்கினாலும் எங்காவது ஒரு நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. எபிரேயத்தில் இதன் கடைசிச் சொல் இருள். பழைய தமிழில் தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோவதோடு நின்றுவிடுகிறது. 2009 மேக்குப் பிறகு, ஒரு வீட்டுச் செபக்கூட்டத்தில் இருந்தேன். மகன் என்னவானான் என்று தெரியாத ஒரு தாய் அங்கே இருந்தார். ஒவ்வொருவராக வாக்குத்தத்த வசனம் சொன்னார்கள். எல்லாம் நல்ல வசனங்கள், எல்லாம் அன்போடுதான். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் ஒரு வயதான ஐயா 88ஐ எடுத்து முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு விளக்கம் எதுவும் சொல்லாமல் புத்தகத்தை மூடினார். அந்தத் தாய் தலையை நிமிர்த்தி, "இதை ஆர் எழுதினது?" என்று கேட்டார். கோராகின் புத்திரர் என்று மேலே போட்டிருக்கிறது என்றார் ஐயா. "அவைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் அந்தத் தாய். அன்றிரவுதான் சாப்பிட்டார் என்று பின்னர் அறிந்தேன்.

பாபிலோனில் கடிதத்தைப் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இப்போது கொஞ்சம் சான்று இருக்கிறது. கி.மு. 572 முதல் 477 வரையான காலத்தைச் சேர்ந்த களிமண் பலகைகள், ஏறத்தாழ இருநூறு, ஆய்வாளர் கைக்கு வந்தன. அவற்றில் ஒரு பெரும்பகுதி 2014இல் நூலாக வெளிவந்தது. யூதேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நிலம் குத்தகைக்கு எடுத்தது, வரி கட்டியது, வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் கொடுத்து வாங்கியது எல்லாம் அவற்றில் கணக்காக இருக்கின்றன. அவர்களுடைய ஊரொன்றின் பெயர் ஆல்-யாகுது. யூதாவூர் என்று சொல்லலாம். கடவுளின் பெயரைப் பிள்ளைகளின் பெயரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அழுத கதை 137ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. தோட்டம் வைத்த கதை இந்தப் பலகைகளில் இருக்கிறது.

அக்காவின் முடிவு 1992இல் வந்தது. நிராகரிப்பு. மேன்முறையீடு செய்து அதுவும் தோற்று, ஆறு மாதத்துக்கொரு முறை நீட்டும் கடதாசியில் பல வருசம் இருந்து, கடைசியில்தான் வதிவிட உரிமை கிடைத்தது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். பத்தாம் வசனத்தைத் தெரியுமா என்று கேட்டேன். புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, அவரையே வாசிக்க வைத்தேன். எழுபது என்ற இடத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அது பிள்ளையளுக்குச் சொன்னது" என்றார்.

ஐந்தாம் வசனத்தையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். ஊருக்கு வெளியே ரெயில் பாதையோரத்தில் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டொன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். லீக்ஸும் உருளைக்கிழங்கும் வெளியிலே, பச்சை மிளகாய் கண்ணாடிக் கூட்டுக்குள்ளே. முருங்கைக்கு இரண்டுமுறை முயன்று விட்டுவிட்டாராம்.

எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். விசா கிடைத்த பிறகாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இல்லைத் தம்பி, அந்த ரெண்டாவது மறுப்புக் கடிதம் வந்த வருசம். சும்மா இருக்க ஏலாமல் போச்சு. சூட்கேஸிலை சீலையளுக்கு நடுவிலை மிளகாய் விதை கொஞ்சம் கிடந்தது. எடுத்துப் போட்டுப் பாத்தன், முளைச்சுது."